பார் இல்லாத சைக்கிள்

என் உயிருக்கு உயிரான வாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப் போகிறேன். நான் வெட்கப்பட வேண்டிய இடங்களையும் விடமாட்டேன். உங்களுக்கு இது வந்து சேருமா என்று தெரியவில்லை. ஆனாலும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் இறந்த பிறகு உம்மா இருந்த இத்தா போன வாரம் முடிந்தது. நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, அன்று சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். கீழே உங்கள் சைக்கிள், நீங்கள் பூட்டி வைத்தபடியே நின்றது. அதன் சீட்டை முக்காட்டு முனையால் துடைத்துக்கொண்டே, "இனி கடையத் தொறக்கணும் ஜமீலா," என்றார்.

நம் வீடு இருக்கும் போட்டாதாங்கிலிருந்து லத்தாவில் உள்ள நம் துணிக்கடைக்கு நீங்கள் சைக்கிளில் எத்தனை சீக்கிரம் போவீர்கள். உம்மாவோ சின்னத் தங்கை நூரியை இடுப்பில் சுமந்து, தம்பி காசிமைப் பள்ளியில் விட்டுவிட்டு, அவ்வளவு தூரமும் நடக்க வேண்டும். உம்மா ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் சிறுபெண்ணாக இருந்தபோது சைக்கிள் ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் பிறந்த பிறகு தொடவே இல்லையாம்.

ஆனால் உங்கள் சைக்கிளில் சீட்டுக்கு முன்னால் குறுக்கே பார் இருக்கிறதே. கைலி கட்டிக்கொண்டு அதைத் தாண்டி ஏற முடியாது. சைக்கிள் கடை கோ மின் வந்து பார்த்துவிட்டுப் பர்மியத்தில் சொன்னார்: "அக்கா, இத ஓட்டணும்னா கைலிய முழங்காலுக்கு மேல ஏத்திக் கட்டணும். ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் நின்னுடும்."

"பஸ்ஸு நின்னா நான் அதுலயே ஏறிப் போயிருவேனே. சைக்கிள் எதுக்கு?" என்றார் உம்மா.

நீங்கள் போன பிறகு உம்மா சிரித்தது அன்றுதான். உங்கள் சைக்கிளைக் கோ மின்னிடம் கொடுத்துவிட்டு, பார் இல்லாத ஒரு லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்தது.

நான் சிரிக்கவில்லை. அந்தப் பாரில்தானே எனக்காகச் சின்னப் பலகை ஒன்றைச் செதுக்கி முடுக்கி வைத்தீர்கள்? மேட்டில் மிதிக்கும்போது உங்கள் மூச்சு என் உச்சந்தலையில் படும். அதைக் கொடுத்துவிட்டால் நான் எங்கே உட்கார்வேன் என்று தோன்றியது. எனக்குப் பதின்மூன்று வயது. இப்போது உட்கார்ந்தால் கால் தரையில் இழுபடும். அது தெரிந்தும் அப்படித் தோன்றியது.

பூட்டுச் சாவியை எடுத்து என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் கோ மின் வந்து, பூட்டைத் திறக்க முடியாமல் சும்மா திரும்பிப் போனார். "சாவியப் பாத்தியா புள்ள?" என்று உம்மா கேட்டார். இல்லை என்று சொன்னேன். உங்கள் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் தடவித் தேடினார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் நடந்தோம். மூன்றாம் நாள் நல்ல மழை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் காசிமின் பள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அது இரண்டாம் முறை. இன்னொரு முறை தாமதமானால் அவனைச் சேர்க்க மாட்டோம் என்றார் வாத்தியாரம்மா. காசிம் நனைந்த செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு நான் ஓடியே வந்துர்றேன் உம்மா. நீங்க பின்னால மெதுவா வாங்க."

ஐந்து வயதுப் பிள்ளை வாப்பா. அங்கேயே மழையில் பையிலிருந்த ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து சாவியை உம்மாவிடம் கொடுத்தேன்.

உம்மா அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, எனக்குத் தலை துவட்டும்போதுதான் பேசினார். "அந்தப் பாரு ஒனக்கு மட்டும்னு நெனச்சியா? கல்யாணமான புதுசுல நானும் அதுலதான் ஒக்காந்து போனேன். படகுத்தொற வரைக்கும். பலகைகூடக் கெடயாது அப்ப."

பிறகு கீழே போய், அந்தப் பலகையைத் தானே கழற்றி என் கையில் கொடுத்தார்.

இன்று காலை லேடீஸ் சைக்கிள் வந்தது. முன்னால் கூடையில் நூரி, பின்னால் காசிம். பெரிய ரோட்டில் போலீஸ் சைக்கிளை விடாது என்பதால் உம்மா சந்துக்குள் திருப்பினார். முதலில் கோணல்மாணலாகப் போனது. சந்து முனை வரும்போது நேராகிவிட்டது. உம்மாவின் முதுகு இவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பிறகும் ஏன் அவரை ஓட்டச் சொல்லவில்லை?

கதவு சாத்துவதற்கு முன்பே போய்விட்டார்களாம். காசிம் நாலு தரம் சொல்லிவிட்டான்.

அந்தப் பலகையை மடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் காலையில் உம்மா ஏறும்போது நான் சைக்கிளைப் பிடித்துக்கொள்வேன். கைலி சங்கிலியில் மாட்டாமல் பார்த்துக்கொள்வேன். இப்போது இரவு மணி ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் நம் தெருவுக்குக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டன. எழுத்துத் தெரியவில்லை வாப்பா, இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் மூத்த மகள்,
ஜமீலா