கார் கண்ணாடியில் தெரிந்த கத்தரிக்கோல்

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுறது. உங்கம்மாவும் நானும் ஏதோ இருக்கோம், நீ அங்கே சுகமான்னு கேட்கிறது முறை, அதனால கேட்டாச்சு. போன்ல பேசினா பக்கத்துல படுத்திருக்கிறவ காதுல விழும், அதான் கடுதாசி. அவளுக்கு இடுப்பு எலும்பு இன்னும் கூடலை, ஜன்னல் பக்கம் திரும்ப முடியாது. சலூன்காரர் கழிச்சுப்போட்ட கண்ணாடி ஒண்ணைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டினேன், தெரு முழுக்க அதுல வருது. பள்ளிக்கூடம் விட்டு ஓடுற பிள்ளைங்க, எதிர்வீட்டுக்காரி துணி உதறுறது, எல்லாத்தையும் வாய் ஓயாம சொல்லுவா. தபால்காரர் இடதுகைக்காரர் ஆயிட்டார்னு சிரிப்பா. ஈரத் தெருவுல வெயில் விழுந்தா உங்க பெயிண்ட் டப்பாவெல்லாம் தோத்துடும்னு என்னையே சீண்டுவா. அவ சந்தோஷமெல்லாம் அந்த ரெண்டடிக் கண்ணாடிக்குள்ளதான் இருந்துச்சு.

பத்து நாள் முன்னாடி, மழை விட்ட சாயங்காலம், தையல்காரர் கடைக்கிட்ட நம்ம பிள்ளை நிக்கிறான்னு சொன்னா. நான் எட்டிக்கூடப் பார்க்கலை. வயசானா கண்ணும் புத்தியும் சேர்ந்தே போகும்னு சிடுசிடுத்தேன். நாலு நாள் கழிச்சு நீ எடுத்த படம் ஒண்ணு போன்ல வருது, நனைஞ்ச கார் கண்ணாடியில ஒரு தெரு, எங்க ஆபீஸ் வாசல், அழகைப் பாருங்கம்மான்னு எழுதியிருந்தே. எவ்வளவு அழகான ஊர்ல இருக்கான்னு அவ பூரிச்சுப்போனா. நான் போனை வாங்கிப் பார்த்தேன். அடேய், முப்பது வருஷமா கடைக் கதவுக் கண்ணாடிக்கு உள்பக்கம் நின்னு, வெளியே இருக்கிறவனுக்கு நேரா தெரியணும்னு, எழுத்தை இடவலம் மாத்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். மத்தவனுக்குக் கிறுக்கலாத் தெரியறது எனக்கு நேரெழுத்து. படத்துல திரும்பித் தெரிஞ்ச எழுத்தைப் படிச்சேன், அது நம்ம தெருத் தையல்காரர் கதவு. உங்கம்மா வழுக்கி விழுந்தான்னு சேதி வந்ததும் பாதியில போட்டுட்டு ஓடி, அப்புறம் அவசரமா முடிச்சதால ஒரு அலகு குட்டையாப்போன, நான் அதுல வரைஞ்ச அந்தக் கத்தரிக்கோல் உலகத்துல வேற எந்தக் கடையிலயும் கிடையாது.

இனி இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு போன வருஷம் சொன்னவன் நான்தான், இல்லைங்கலை. என் பேச்சை ஒருநாளும் கேட்காதவன் இதை மட்டும் கேட்டிருக்கே. கோபம் என்மேலதானே, அவ என்ன பாவம் பண்ணா. இருபதடி தூரத்துல நின்னு கார் கண்ணாடியில அழகு தேடத் தெரிஞ்ச உனக்கு அவ முகத்தைப் பார்க்கத் தோணலை. இப்போ அவ தெருவைப் பத்திப் பேசுறதே இல்லை. நேத்து மெதுவா, "அந்தக் கண்ணாடியைக் கழட்டிடுங்க, இல்லாததெல்லாம் காட்டுது"ன்னா. உண்மையைச் சொன்னா, பிள்ளை வந்தும் வரலைன்னு உடைஞ்சுபோவா. சொல்லாட்டி, கண் போச்சுன்னு நம்பிக்கிட்டே கிடப்பா. ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்குன்னு பொய் சொல்லிக் கழட்டாம வச்சிருக்கேன்.

எங்கிருந்தாலும் நல்லா இரு, என் கோபம் அந்த ஆசியைத் தொடாது. வேளைக்குச் சாப்பிடு. ஒண்ணு மட்டும் மறக்காதே, வரும்போது தையல்காரர் கடைப் பக்கமாவே வா, அன்னைக்கு நின்ன இடத்துலயே கொஞ்சம் நில்லு. அவ முதல்ல கண்ணாடியில பார்க்கட்டும். அப்புறம் படி ஏறு, அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னு நீயே சொல்லு. நான் வேணும்னா வெளியே போயிடுறேன்.

இப்படிக்கு,
படி ஏறாதேன்னு சொன்ன உன் அப்பா