விமலராஜ் அண்ணையின் தீர்ப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

மடு மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி?

ஞாயிற்றுக்கிழமை இங்கே இத்தாலியில் நம் தமிழ்ச் சனம் கூடும் மாதா கோவில் மண்டபத்தில் பட்டிமன்றம். பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலிருந்து தலைப்பு எடுத்தார்கள்: அந்தக் கால அமெரிக்கா புதிதாகச் சேர்த்த நிலங்களில் அடிமைமுறையை அனுமதிக்கலாமா? கூடவே கூடாது என்று தொண்டை கிழியப் பேசினேன். நடுவர் நம் விமலராஜ் அண்ணை. அவருக்கு யாரையும் நோகடிக்கத் தெரியாதே!

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. நடுவிலை ஒரு கோடு கீறுவம். வடக்கிலை வேண்டாம், தெற்கிலை இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். சனம் கைதட்டியது!

பொறுக்க முடியாமல் எழுந்தேன். "அண்ணை, தெற்கிலை உங்கடை மனிசி பிள்ளையள் இருந்தால்?"

"தங்கச்சி, பட்டிமன்றத்திலை ஒருத்தரையும் தோக்கடிக்கக் கூடாது, இருங்கோ" என்றார்.

பிறகு தேநீருக்குக்கூட என்னை யாரும் கூப்பிடவில்லை. கவலைப்படாதீர்கள், வாற ஞாயிறும் போவேன். கிழமை முழுக்க நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சின்யோராவோடு இத்தாலியன்தான், தமிழ் கதைக்க வேறெங்கே போவது?

அடுத்த மாதம் விமலராஜ் அண்ணை மன்னார் வருகிறார். அவரிடம் எனக்கு மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டுங்கள். விமான நிலையத்தில் யாராவது மறித்தால், பாதியைக் கொடுத்துவிட்டு இரண்டு பக்கமும் நியாயம் என்பார்.

சின்யோரா கூப்பிடுகிறா.

உங்கள் மகள்,
டிலானி