போன் மாற்றிச் சொன்ன பெயர்

என்னங்க,

மெசேஜ் அனுப்பினால் உங்கள் போன் இப்போது படித்துக் காட்டுவதில்லை. அதனால்தான் பிரெய்லில் குத்தி வைக்கிறேன். விரல் வைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

சாதம் குக்கரில். ரசம் அடுப்பு மேலேயே இருக்கிறது. சாவி அதே ஆணியில்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த போனுக்குப் புது வெர்ஷன் போட வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னேன்! இப்போது யார் கூப்பிட்டாலும், அதற்கு முன்னால் கூப்பிட்டவர் பெயரைச் சொல்கிறது. நேற்று என் அம்மா கூப்பிட்டதற்கு "வினிதா" என்றது. நீங்களும் நான்தான் என்று நினைத்து எடுத்த எடுப்பில், "உங்கம்மா வந்தா சாமானெல்லாம் இடம் மாத்தி வச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஒரு டம்ளருக்கு வீடு பூரா தடவணும். வர வேணாம்னு சொல்லிடு" என்று கொட்டிவிட்டீர்கள்.

போன் பெயரை மட்டும்தான் மாற்றிச் சொன்னது. மற்றதெல்லாம் நீங்கள் சொன்னது.

ஆனாலும் அம்மா இன்று வருகிறார். சாமல்பட்டியிலிருந்து கிளம்பியாயிற்று. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கூப்பிடுவார். போன் யார் பெயரைச் சொன்னாலும் முதலில் "யாரு?" என்று கேளுங்கள்.

வினிதா

போன் கடையில் பழைய வெர்ஷனையே திரும்பப் போட முடியுமா என்று கேளுங்கள்.

போன தடவை அம்மா வந்துவிட்டுப் போனபோது, டப்பா இடம் மாறித்தான் உங்கள் காபியில் நான் உப்பைப் போட்டேன். அதை நானும் அம்மாவிடம் சொல்லவில்லை.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. அம்மா எதுவும் காதில் விழாத மாதிரி இருப்பார். நீங்கள் எதுவும் சொல்லாத மாதிரி இருக்காதீர்கள்.