சவ்வில் பூத்த உப்பு

பாசமுள்ள அக்காவுக்கு, ஓமானிலிருந்து தம்பி ராஜவேல் வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலையா? யாரும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஆலையில் சுடவைத்த கடல்நீரின் ஆவி மட்டும் ஒரு மெல்லிய சவ்வைத் தாண்டிப்போய்க் குடிநீராகிறது. அறுபது டிகிரி போதும் என்றார்கள். நான் எண்பதுக்கு ஏற்றினேன். கழுவெளி ஏரி இரண்டுமுறை நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் கொட்டியது! பிறகு சவ்வில் வெள்ளையாக உப்பு பூத்தது. மரக்காணத்து உப்பளத்தில் நிற்பதாகவே நினைத்து, "பூத்துடுச்சு!" என்று கைதட்டினேன்.

இங்கே வேலை பார்க்கும் நம் கோட்டக்குப்பத்து இன்ஜினியர் ஓடிவந்தார். "ஏம்பா, உப்பு படிஞ்சா சவ்வு போச்சு! தண்ணி கரிக்குது பாரு. இன்னொரு வாட்டி செஞ்சா ஊருக்கு டிக்கெட்தான்!" நான் சிங்கம்போல நின்றேன்.

நம் உப்பளப் பாத்தியிலிருந்து உப்பு ஒரு கைப்பிடி அனுப்பு. சமையலுக்கு இல்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள. வேலைக்கு அழைத்துப்போகும் வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

ஏரி பொய், சிங்கம் பொய், டிக்கெட் பேச்சும் பொய் என்றே வைத்துக்கொள். கைதட்டியது மட்டும் நிஜம், அக்கா.