பெரிய பெட்டிக்குள் போன மருந்துப் பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சிரித்த முகமாக இருக்கிறீர்கள் என்று உன் கையால் நாலு வரி வந்தால் எனக்கு அதுவே போதும். உறையின் மேல் ‘லீவு நாளில் பிரிக்கவும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை, ஏன் அப்படி எழுதினேன் என்று பின்னால் சொல்கிறேன். வாரத்துக்கு நாலு நாள் போனில் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பிப்பதற்குள் நீ “சரிம்மா, வேலை இருக்கு, வச்சிடறேன்”னு வைத்துவிடுகிறாய். நாங்கள் உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது, அன்றிலிருந்து உன் குரல் இப்படித்தான் இருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால் இன்று தையல் கடையைத் திறந்ததும் வெட்டுகிற மேசையில் கிடந்த துணியை எல்லாம் ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை, பள்ளிக்கூடச் சீருடை அறுபது வந்திருக்கிறது, பழைய மிஷின் நடுவில் நடுவில் நூலை அறுத்துக்கொண்டு என் பொறுமையைச் சோதிக்கிறது. வீட்டில் சமையலறைக் கூரை ஒழுகுவதை ஒருவழியாக அடைத்தாகிவிட்டது. அப்பா ஓய்வு பெற்றும் ஸ்டோர் கீப்பர் உத்தியோகம் அவரை விடவில்லை. முப்பத்திரண்டு வருடம் பம்பு கம்பெனியில் நட்டும் போல்ட்டும் எண்ணி அடுக்கிய கை சும்மா இருக்குமா, என் சமையலறை டப்பா எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டார். கண்ணாடிப் பாட்டிலில் வெள்ளை வெளேரென்று உப்பு தெரிகிறது, அதன் மேலும் ‘உப்பு’ என்று ஒரு சீட்டு. கேட்டால், “அவசரத்துல சர்க்கரைன்னு நெனச்சிட்டா?” என்கிறார். நாற்பது வருடமாக நான் அவசரத்தில் காபியில் உப்புப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த மனுஷர் உன் வீட்டிலிருந்து திரும்பியதும் ஒரு நோட்டுப் போட்டார். பயணம் முடிந்த கையோடு எழுதி வைத்தால்தான் அடுத்த தடவை ஒழுங்காகப் பெட்டி கட்டலாம் என்று ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து எழுதினார். கொண்டுபோனது, உபயோகப்பட்டது, சும்மா சுமந்தது, இல்லாமல் தவித்தது என்று நாலு கட்டம். சும்மா சுமந்ததில் என் சாமான்தான் அதிகம். கம்பளிச் சட்டை மூன்று, உன் வீட்டுக்குள் அவ்வளவு கதகதப்பாக இருக்கும் என்று யார் கண்டது? குடை இரண்டு. கைக்குட்டை பதினொன்று. ஊசி நூல் மட்டும் உபயோகப்பட்டதில் வந்தது, மாப்பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேனே அதனால். இல்லாமல் தவித்ததில் வீட்டுக்குள் போடும் செருப்பு, அப்பாவின் இரண்டாவது மூக்குக் கண்ணாடி. இதை எல்லாம் படித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டோம். அதோடு நோட்டு அலமாரிக்குப் போய்விட்டது. போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது கையில் அகப்பட்டது, பின்பக்கம் புரட்டினேன். அவர் எனக்குப் படித்துக் காட்டாத பக்கம் ஒன்று இருந்தது. முதல் வரியே, ‘மருந்துப் பை பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. என் கவனக்குறைவு.’

பாப்பா, அது அவர் கவனக்குறைவு இல்லை, நான் செய்தது. உன்னிடம் மறைத்ததிலும் எனக்குப் பங்கு உண்டு. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் பெரிய பெட்டி இரண்டு கிலோ கூடுதல் என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் அவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்து, உனக்காகத் தைத்த ஜன்னல் திரைகளை உருவி எடுத்தேன். அதைக் கைப்பையில் திணித்தால் ஜிப் மூடவில்லை. கைப்பையில் அப்பா பார்த்துப் பார்த்து மேலாக வைத்திருந்த மருந்துப் பையையும் சார்ஜரையும் எடுத்துப் பெரிய பெட்டிக்குள் போட்டேன். நாலு மணி நேரம், அப்புறம் இன்னொரு விமானம், பொழுது சாய்வதற்குள் மகள் வீட்டில் இருப்போம், அதற்குள் மாத்திரை எதற்கு என்று நினைத்தேன். அப்பா வந்து பெட்டியைப் பூட்டினார், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நடுவில் இறங்கிய ஊரில் ஒரே பனிமூட்டம். ஒரு விமானமும் கிளம்பவில்லை. உனக்கு ‘தாமதம், கவலைப்படாதே’ என்று செய்தி அனுப்பினோம் இல்லையா, அதோடு போன் உயிரை விட்டது. ராத்திரி மாத்திரை போயிற்று, விடிந்ததும் போடவேண்டியதும் போயிற்று. அப்பாவுக்கு அந்த மாத்திரை நெஞ்சுத் துடிப்பைச் சீராக வைப்பதற்கு, அது உனக்கே தெரியும். பெட்டி எங்கேயோ விமானத்தின் வயிற்றில் கிடக்கிறது, தரமாட்டேன் என்கிறார்கள். மறுநாள் காலை பத்து மணி இருக்கும், முகம் கழுவப் போனவர் திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல”ன்னு சொல்கிறார், சொல்லும்போதே வார்த்தை குழறுகிறது.

அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் முதலில் ஓடி வந்தாள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, யாரையோ சத்தம்போட்டுக் கூப்பிட்டாள். டாக்டர் வந்தார். என்ன மாத்திரை என்று, எனக்கு அரைகுறையாகப் புரிகிற இங்கிலீஷில் கேட்டார். என்னால் பெயர் சொல்ல முடியவில்லை, பாப்பா. ஆறு வருடமாகத் தினமும் என் கையால் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை. மருந்துச் சீட்டும் பெட்டிக்குள். “வெள்ளையா, வட்டமா, நடுவுல ஒரு கோடு இருக்கும்”னு கையால் வரைந்து காட்டினேன். அந்த டாக்டர் பொறுமைசாலி, “உலகத்துல பாதி மாத்திரை அப்படித்தாம்மா இருக்கு” என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அப்போது எனக்கு நம் தெரு மருந்துக்கடைக்காரர் நினைவு வந்தது. செத்த போனை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டி அழுதேன். அவள் ஓடிப்போய்த் தங்கள் அறையிலிருந்து சார்ஜர் எடுத்து வந்து, சுவரோரம் என்னோடு தரையில் உட்கார்ந்து, போனுக்கு உயிர் வரும்வரை என் கையை விடவே இல்லை. மருந்துக்கடைக்காரரும் நல்லவேளை உடனே எடுத்தார், “பதறாதீங்க அக்கா, எழுத்து எழுத்தா சொல்றேன், அவர்கிட்ட குடுங்க” என்று பெயரும் அளவும் டாக்டருக்கே சொன்னார். மாத்திரை கொடுத்து நாலு மணி நேரம் படுக்க வைத்தார்கள். பயணம் போகலாம், ஆனால் இரண்டு வாரத்துக்குப் படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஊர் திரும்பியதும் சொந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். கிளம்பும்போது அந்தப் பெண்ணைத் தேடினேன், வேலை முடிந்து போய்விட்டாளாம். அவள் பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன் வீட்டில் இருந்த பன்னிரண்டு நாளும் அப்பா ஏன் அந்த சோபாவை விட்டு நகரவில்லை, மாடியறையை ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று. உன் கிரேனைக் காட்டத் துறைமுகத்துக்கு அழைத்துப்போக நீ மேலதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கி, இரண்டு தலைக்கவசத்தில் எங்கள் பெயரை ஒட்டி வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாய். அப்பா “கால் வலிக்குதும்மா, நீங்க போயிட்டு வாங்க” என்றார். அவரை விட்டுவிட்டு நான் எப்படி வருவேன், நானும் வரவில்லை. அந்தத் தலைக்கவசங்களை நீ அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே, “அப்பாவுக்கு இன்னும் என் வேலை பிடிக்கலைன்னு நேரா சொல்லியிருக்கலாம்” என்று சொன்னாய். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன். சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்று தோன்றுகிறது. நீ கிரேன் ஓட்டும் வேலைக்குப் போன புதிதில், இவ்வளவு படித்துவிட்டு அந்தரத்தில் இரும்புக் கூண்டில் உட்கார வேண்டுமா என்று அவர் கேட்டது உண்மைதான். அதை நீ மறக்கவில்லை. உன்மேல் தப்பில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன். “நான் பண்ணினதை உங்க பேர்ல ஏன் எழுதினீங்க?” என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “சரக்கு வெளிய போறப்ப கடைசியாப் பார்த்துப் பூட்டுறவன்தான் பொறுப்பு. பெட்டியப் பூட்டினது நான்” என்றார். திறந்தது நான் என்றேன். “அப்ப உன் பேரையும் எழுதிக்கோ”ன்னு பேனாவை நீட்டினார். எழுதினேன். எழுதும்போது கண் மறைத்துவிட்டது, எழுத்து கோணிப்போயிற்று. அதற்குக் கீழே பார்த்தால் இன்னொரு வரி. ‘துறைமுகம் போகவில்லை. ஏற முடியாத நிலை. பாப்பா முகம் வாடிவிட்டது.’ அவ்வளவுதான், அவர் எழுத்து எப்போதும் அப்படித்தானே.

அங்கே இருந்தபோதே சொல்லிவிடலாம் என்று நான் இரண்டு தடவை கெஞ்சினேன், அவர்தான் கூடாது என்றார். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று அன்றைக்குக் கேட்கவில்லை, போன வாரம்தான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவ எவ்வளவு உயரத்துல உக்காந்து எத்தனை டன் தூக்குறா. என்னை நெனச்சு ஒரு நொடி கை தடுமாறினா, கீழ ஆளுங்க நிக்கிறாங்க. ஸ்டோர்ல ஒரு பெட்டி தவறி விழுந்ததுக்கே ஒருத்தன் கால் போனதைப் பார்த்தவன் நான். அவ வேலை சாதாரண வேலை இல்ல.” உன் வேலையை மதிக்காதவர் என்று நீ நினைக்கிற மனுஷர் சொன்னது இது. இப்போது உடம்பு தேறிவிட்டது, அவளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதும், “சரி எழுது, வேலைக்குப் போற அன்னிக்குப் படிக்கவேண்டாம்னு மேலயே எழுதிடு” என்றார். உறையின் மேல் இருப்பது அதுதான்.

உடம்பு தேறிவிட்டது என்று உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாளே நம் டாக்டரிடம் போனோம், மாத்திரை அளவை மாற்றினார், எங்கள் இருவரையும் சின்னப் பிள்ளைகளைத் திட்டுவது மாதிரி திட்டினார். போன மாதம் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக நடக்கலாம், மெதுவாகப் படியும் ஏறலாம், பயணமும் போகலாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் கடைக்கு எதிரே உள்ள நாலு மாடிக் கட்டிடத்தில் ஏறி இறங்குகிறார். முதலில் ஒரு மாடி, பிறகு இரண்டு, இப்போது மூன்று. காவல்காரர் முதல் வாரம், யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம், இப்போது இவர் இறங்கி வரும்வரை இவருடைய செருப்புக்குக் காவல் இருக்கிறார். நான் கடையிலிருந்தே மாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று கை காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். இந்த வயதில் எங்களுக்கு இப்படி ஒரு கூத்து.

அடுத்த தடவைக்கான பக்கமும் நோட்டில் தயார். மருந்து பத்து நாளைக்குத் தனியாக அவர் சட்டையின் உள்பையில், அந்தப் பையை நான்தான் தைத்தேன், பொத்தான் வைத்து. மருந்துச் சீட்டு நகல் மூன்று, ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம், ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நீயும் வைத்துக்கொள். பெட்டியை வீட்டிலேயே எடை போட்டு மூன்று கிலோ குறைவாகக் கட்டுவது. சார்ஜர் கைப்பையில். கம்பளிச் சட்டை ஆளுக்கு ஒன்று, கைக்குட்டை நாலு. மாத்திரையின் பெயரை நான் மனப்பாடம் செய்துவிட்டேன், மிஷின் மிதிக்கும்போது சொல்லிக்கொண்டே மிதிக்கிறேன், தைக்க வருகிறவர்கள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். நீயும் எங்காவது போய் வந்தால் அன்றைக்கே ஒரு தாளில் எது வேண்டியிருந்தது, எது வேண்டியிருக்கவில்லை என்று எழுதிப் பழகு. இரண்டு நாள் போனால் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது என்று மனசு நம்மையே ஏமாற்றிவிடும்.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் தாராளமாகத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அவரைத் திட்டாதே. ஆறு வாரத்தில் வரலாம் என்று இருக்கிறோம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்த வாரம் தோதாக இருக்கும் என்று பார்த்துச் சொல். உன் அதிகாரியிடம் மறுபடி ஒரு தடவை கேள், கூச்சப்படாதே, வயதானவர்கள் அப்போது வர முடியவில்லை என்று சொன்னால் புரிந்துகொள்வார். மேலே காற்று அதிகம் என்றாயே, காதை மூடிக்கொள். வேலைக்கு நடுவில் தண்ணீர் குடிக்க மறக்காதே. மாப்பிள்ளையிடம் பொத்தான் மறுபடி அறுந்தால் வைத்திருக்கச் சொல், நான் வந்து தைத்துத் தருகிறேன். நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை ஒருநாளும் தடுமாறக்கூடாது, ஏறின ஒவ்வொரு நாளும் பத்திரமாக இறங்கி வீட்டுக்கு வர வேண்டும்.

பதில் எழுதும்போது ஒன்றை மறக்காதே. தரையிலிருந்து உன் கூண்டு வரைக்கும் மொத்தம் எத்தனை படி, நடுவில் நின்று மூச்சு வாங்க எத்தனை இடம் என்று எண்ணி எழுது. அப்பா நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா