கண்ணாடியில் வைத்த கை

மார்ச் 4, செவ்வாய்

ஒருவழியாகக் காருக்கு முன்கண்ணாடி மாற்றியாயிற்று. போன மாதம் கல்லடித்து உடைந்தது. புரோக்கன் ஹில் டவுனுக்குப் புதுக் கண்ணாடி வந்து சேருவதற்குள் மூன்று செவ்வாய் போய்விட்டது. மூன்று செவ்வாயும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் என் புருஷன் மேர்வுக்குப் பயிற்சி இல்லை. பக்கவாதம் வந்த பிறகு கால் தேறிக்கொண்டு வருகிறது, தடி ஊன்றி நடக்கிறான். வலது கைதான் மரக்கட்டை.

பிசியோ பிரிட்ஜெட் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மே கடைசியில மதிப்பீடு இருக்கு, நோலீன். அதுக்குள்ள கை கொஞ்சமாவது அசைஞ்சாகணும். இல்லேன்னா கைப்பயிற்சிய நிறுத்திடுவாங்க. காலுக்கு மட்டும்தான் குடுப்பாங்க."

ஆகவே இனி ஒரு செவ்வாய்கூட வீணாகக் கூடாது. இன்னொரு கல் அடித்தால் தீர்ந்தது கதை.

மார்ச் 11

பண்ணையிலிருந்து தார் ரோடு ஏறும்வரை தொண்ணூறு கிலோமீட்டர் சரளைக்கல். அறுபதுக்கு மேல் வேக முள்ளைப் போகவிடவில்லை. முப்பது வருஷம் ஆட்டு லாரி ஓட்டியவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவது போல ஒரு தண்டனை உண்டா?

"முன்னாடி போறவன் புழுதி அடங்கட்டும், பின்தங்கி வா."

"எதிர்ல லாரி வருது, ஓரங்கட்டி நில்லு. நீயும் வேகமா போனா கல்லு ரெண்டு மடங்கு வேகத்துல வந்து மோதும்."

அதெல்லாம் சரிதான். ஒதுங்கி நின்றேன். ஆனால் ஒவ்வொரு லாரிக்கும் இடது கையைத் தூக்கிக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக்கொள்கிறான்.

"நீ கை வெச்சா கல்லு பயந்து ஓடிருமா?"

"அதிர்வு குறையும்டி."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

எல்லாரும் செய்வார்கள், உண்மைதான். என் அப்பாவும் செய்தார். வருஷத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றினார்.

லாரி ஓட்டிய காலத்தில் மேர்வ் வலது கையைத்தான் வைப்பான், இடது கை ஸ்டீயரிங்கில் இருக்கும். இப்போது அந்த வலது கை மடியில் ஒரு சின்ன குஷன் மேல் கிடக்கிறது.

மார்ச் 25

காலையில் கண்ணாடியில் கீறல். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பூச்சி.

ஏப்ரல் 8

கேரவன் இழுத்துக்கொண்டு வந்த ஒரு சுற்றுலாக்காரன் எங்களைத் தாண்டிப் பறந்தான். கல் படபடவென்று பானட்டில் விழுந்தது. கண்ணாடி தப்பியது. ஹாரனை அழுத்திக்கொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன் — அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது?

"லாரி டிரைவரே தோத்தான் போ," என்றான் மேர்வ். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெக்கை தாங்காமல் ஏசியை முழுதாகத் திருப்பப் போனேன். "மெதுவா, மெதுவா. கொதிக்கிற கண்ணாடியில குளிர்காத்து பட்டா, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட ஓடிரும்." அந்தப் புழுக்கத்திலேயே வீடு வந்து சேர்ந்தோம்.

ஏப்ரல் 22

இன்றும் இல்லை. பிரிட்ஜெட் மேசைமேல் காலிக் கோப்பையை வைத்து, எடு மேர்வ் என்கிறாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க முயல்கிறான். விரல்கூட அசையவில்லை. கோப்பையைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

திரும்பும்போது சொன்னான்: "போதும் நோல். ஒரு செத்த கைக்காக எதுக்கு இவ்ளோ தூரம் அலையணும்?"

"நான்தானே ஓட்டறேன்? உனக்கென்ன வலிக்குது? சும்மா உக்காந்து வரமாட்டியா?"

சொல்லியிருக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்து வருவதுதானே அவனுக்கு வலி. வழியில் வந்த ஒரே லாரிக்கு இடது கையைக்கூடத் தூக்கவில்லை அவன். அது எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

மே 13

மழை. ரோட்டை மூடிவிட்டார்கள். ஒரு செவ்வாய் போச்சு. கண்ணாடி மட்டும் பளபளவென்று இருக்கிறது, என்ன பிரயோஜனம்?

மே 20

கோப்பை அங்கேயே. அடுத்த வாரம் மதிப்பீடு.

மே 27

எங்கிருந்து தொடங்குவது?

காலையில் போகும்போது வண்டியின் வயர்லெஸ் ரேடியோவில் பக்கத்துப் பண்ணை டேரலின் குரல். "நோல், மூணு டிரெய்லர் நிறைய ஆட்டோட எதிர்ல வரேன். ஓரமா நின்னுக்கோ." சரி என்றேன். தூரத்தில் புழுதி தெரிந்தது. காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகிறேன், ஓரக்கண்ணில் ஏதோ அசைகிறது.

வலது கை. குஷனை விட்டு எழுந்து, தள்ளாடித் தள்ளாடி, டேஷ்போர்டு மேல் போய் விழுந்தது. அவனோ லாரியையே பார்த்துக்கொண்டிருக்கிறான், இடது கை எப்போதும்போல் கண்ணாடியில்.

நான் பிரேக்கை மறந்தே போனேன். லாரி கடந்தது. டக்! கண்ணாடியில் கல்.

"கழுதை! நின்னிருக்க வேண்டாமா? முப்பது தடவை சொன்னேன் —"

"உன் கையைப் பாருடா, மேர்வ்! கையைப் பாரு!"

பார்த்தான். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இன்னொரு தடவை தூக்கு என்றேன். வரவில்லை. வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். அவன் என்னைத் தேற்றவா செய்தான்? "டேப் எடுத்து ஒட்டு, உள்ள தூசி போனா அப்புறம் சரி பண்ண முடியாது," என்றான். அவன் குரலும் சரியாக இல்லை.

மதிப்பீட்டில் பிரிட்ஜெட் கோப்பையை வைத்தாள். ஒன்றுமில்லை. நான் எழுந்து நடந்ததைக் கொட்டினேன், பாதி அழுகை, பாதி சண்டை. அவள் கார் சாவி எங்கே என்றாள்.

பின்சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டு கல் குவாரி ரோட்டுக்குப் போய் நின்றோம். முதல் லாரிக்கு எதுவும் இல்லை. "அவரையே மொறைச்சுப் பாக்காதீங்க," என்று என்னை அதட்டினாள். இரண்டாவது லாரி வந்தது. கை எழுந்தது.

"கேட்டா வரல, தானா வருது," என்றாள் பிரிட்ஜெட். "அது போதும். அதைப் பிடிச்சுக்கிட்டு வேலை செய்யலாம். நிறுத்தக் கூடாதுன்னு எழுதறேன்."

ஜூன் 3

கல் பட்ட இடத்தில் கண்ணாடிக்காரன் பிசின் ஏற்றி அடைத்தான். உளுந்தளவு தழும்பு நின்றுவிட்டது, நேராக மேர்வ் கண்ணெதிரே. "அசிங்கமா இருந்தா முழுசா மாத்திடலாமா?" என்றான் கண்ணாடிக்காரன். நான் வேண்டாம் என்றேன். மேர்வும் அதே நேரத்தில் வேண்டாம் என்றான்.

ஜூலை 8

திரும்பும் வழியில் டேரலின் லாரி. ஓரங்கட்டி நின்றேன். மேர்வின் இடது கை கண்ணாடிக்குப் போனது. வலது கை டேஷ்போர்டில் ஏறி, இழுத்துக்கொண்டு போய், நடுவிரல் நுனி கண்ணாடியைத் தொட்டது. புழுதி கடந்துபோன பிறகுதான் என் கையும் கண்ணாடியில் இருப்பதைக் கவனித்தேன்.

"என்ன நோல், கல்லு பயந்து ஓடிருச்சா?" என்றான்.