இன்றைக்குச் சொல்ல ஒரு தவறு

✝
பிப்ரவரி 6

அன்பு மகனுக்கு,

மூட்டு வலி உட்பட எல்லாம் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தன. உன் வீட்டு மெத்தையைப் பற்றி என் முதுகு இன்னும் புகார் சொல்கிறது. மருமகள் கட்டிக் கொடுத்த சாப்பாடு நன்றாக இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் தயங்கியிருந்தது.

உன் வீட்டில் நான் தொடங்கி வைத்துவிட்டு வந்ததை விட்டுவிடாதே. சாப்பாட்டுக்கு முன் தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடிவிட்டு எல்லோரும் முழங்காலிட வேண்டும். ஒவ்வொருவரும் அன்று செய்த ஒரு தவறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் "ஆண்டவரே, பொறுத்தருளும்" என்று சொல்ல வேண்டும். கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் எங்களுக்குப் பழக்கியது இது. நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். உன் அப்பா ஒருநாளும் தட்டியதில்லை.

உன் மகள், என் குருவி, அதை எவ்வளவு அழகாகப் பிடித்துக்கொண்டாள்! ஆறு வயதில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அம்மா கூப்பிட்டப்ப கேக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றாளே! அந்த வயதில் நீ தூங்கி விழுவாய்.

எனக்குப் பின்னும் உன் வீட்டில் விசுவாசம் இருக்கும் என்று தெரிந்தால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன். வேறு ஆசை இல்லை.

ஆசீருடன்,
அம்மா


மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். ஒரு மருத்துவமனையின் லிஃப்ட்டுகளை எல்லாம் பழுது பார்க்கும் வேலை. கையில் கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறது. இவள் என்னைத் துண்டைத் தொட விடுவதில்லை.

செபத்தைக் குருவி விடவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "இன்னிக்கு என்ன சொல்றது?" என்று யோசிக்க உட்கார்ந்துவிடுகிறாள். பால் ஆறிப்போகிறது. நேற்று, "பாட்டி மட்டும் ஏம்ப்பா ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்டாள். செபத்தை நடத்துகிறவர் சொல்வதில்லை என்றேன். சரிதானே?

அன்புடன்,
உங்கள் மகன்


✝
மார்ச் 21

அன்பு மகனுக்கு,

மேலே சிலுவை போடாமல் கடிதம் எழுதுகிறாய். கை கிரீஸ் என்பது ஒரு சாக்கா?

நீ சொன்னது சரிதான். மதரும் சொன்னதில்லை. நடத்துகிறவர் தம் தவறுகளைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வார். பிள்ளைகளுக்கு அது எதற்கு? பால் ஆறினால் சுடவைக்கலாம். ஆன்மா ஆறினால்?

ஒன்றே ஒன்று. "இன்று ஒன்றுமில்லை" என்று மட்டும் அவளைச் சொல்ல விடாதே. அதுதான் பெரிய அகந்தை. ஒருநாள் நீ அப்படிச் சொன்னபோது, யோசித்து ஒன்றைச் சொல்லும்வரை உன் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். நினைவிருக்கிறதா? பிறகு உனக்கு அந்தத் தொல்லையே வரவில்லை.

ஆசீருடன்,
அம்மா


ஏப்ரல் 20

அம்மா,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். செபத்தை நிறுத்திவிட்டேன்.

பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன்கள் செத்துப்போயின. யாராவது தொட்டியில் கை வைத்தீர்களா என்று டீச்சர் கேட்டதும் குருவி எழுந்து, "நான்தான் சோப்புத் தண்ணி ஊத்தினேன்" என்றிருக்கிறாள். மீன்கள் செத்த வாரம் முழுக்க அவள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள்; அடுத்த வாரம்தான் பள்ளிக்குப் போனாள். டீச்சருக்கு அது தெரியும். ஆனால் பிள்ளைகள் இப்போது அவளோடு பேசுவதில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று அவளிடம் கேட்டேன். "ஜுரத்துல படுத்தே கெடந்தேன்ல. சொல்றதுக்கு ஒண்ணுமே கிடைக்கலப்பா."

தட்டைக் கவிழ்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்று டப்பாவிலிருந்து சர்க்கரை திருடித் தின்றதாகச் சொன்னேன். திருடவில்லை. பசித்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் ஒன்றை ஜோடித்தேன். நீங்களும் அப்பாவும் என் பொய்களுக்குத்தான் "பொறுத்தருளும்" சொன்னீர்கள். இப்போது மாதா கோயிலில் போய் உட்கார்ந்தாலும் மனம் எதையாவது ஜோடிக்கத்தான் பார்க்கிறது. வேறு விதமாகக் கடவுளிடம் பேச எனக்குத் தெரியாது. குருவியாவது தப்பட்டும்.

மகன்


✝
மே 9

மகனுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு உட்கார்ந்து ஒட்டினேன். "மேலும் கீழும் போகிற பெட்டிகளைப் பார்த்துக்கொள், மேலே இருப்பவரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே" என்று ஒரு பதில் எழுதினேன். அதையும் கிழித்தேன்.

சின்ன வயதில் நீ திருடியதாகச் சொன்ன அன்றே சர்க்கரை டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றி வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஸ்டூல் போட்டுத்தான் எடுக்கிறேன்.

பாட்டி மட்டும் ஏன் சொல்லவில்லை என்று குழந்தை கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று சாயங்காலம் தனியாக முழங்காலிட்டு என் தவறைச் சொல்லப் பார்த்தேன். வாயைத் திறந்தால் உன் தவறு வருகிறது, மருமகளின் தவறு வருகிறது, போய்ச் சேர்ந்துவிட்ட உன் அப்பாவின் தவறுகூட வருகிறது. என்னுடையது வரவில்லை. சாமியாரிடமும் இத்தனை வருடமாக "பொறுமை இழந்தேன், செபத்தில் பராக்குப் பார்த்தேன்" என்று ஒரே பாடத்தைத்தான் ஒப்பித்து வந்திருக்கிறேன். இருட்டும்வரை அப்படியே இருந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுந்தேன். என் தட்டைக் கவிழ்க்க இங்கே யாருமில்லை. சாப்பிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தையிடம் கேள். பாட்டி செய்த தவறு என்ன என்று அவள் சொல்லட்டும். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கிவிடுவேன். நீங்களும் தொடங்கலாம்.

அம்மா


மே 28

அம்மா,

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ரொம்ப நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பாட்டி ஒரு தப்பும் பண்ணலன்னு எழுதுப்பா. நான்தான் பாட்டிக்குக் கோவம் வர வெச்சேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இனி அவளுக்கென்று ஒன்றும் எழுதாதீர்கள். எனக்கும் கொஞ்ச காலம் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன்


ஜூன் 15

மகனே,

வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான். பதில் போட வேண்டியதில்லை.

உன் கடிதங்களை நான் வாய்விட்டுத்தான் படிப்பேன், வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று. குழந்தை எழுதச் சொன்ன வரிக்கு வந்ததும், நான் நினைப்பதற்குள் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது: "ஆண்டவரே, பொறுத்தருளும்." அவள் செய்யாத தவறுக்கு.

சர்க்கரை டப்பாவைக் கீழே இறக்கி வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் முழங்காலிடவில்லை. பூசைக்கும் போகவில்லை. பங்குச் சாமியார் விசாரிக்க வந்தார். மூட்டு வலி என்றேன். அது பொய். இன்றைக்குச் சொல்ல எனக்கு ஒரு தவறு கிடைத்துவிட்டது. கேட்கத்தான் வீட்டில் ஒருவரும் இல்லை.

அம்மா